மணி பத்து இருக்கும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம்முடைய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். ஸ்பானிஷ் சிறுகதை, இங்கிலீஷ் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. கிழவி ஒருத்தி, மகன் வீட்டைவிட்டுப் போன இரவைப் பல வருஷங்கள் கழித்து நினைத்துப் பார்க்கிறாள். "அப்போது மணி பத்து" என்று ஆரம்பிக்கிறாள். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழவியை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பவள் மாதிரி பேசினாள்.

மூலத்தை வாங்கிப் பார்த்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு ஸ்பானிஷ் தெரியும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. மூலத்தில் இருந்த வினை 'ஸேரியான்'.

'ஸேர்' என்பது ஸ்பானிஷில் மிகச் சாதாரணமான வினை. நம்முடைய 'இரு', 'ஆகு' செய்கிற வேலையில் பெரும் பகுதியை அது செய்கிறது. அதன் நிபந்தனை வடிவம் 'ஸேரியா', பன்மையில் 'ஸேரியான்'. பத்து மணி என்பது அவர்களுக்குப் பன்மை. வினையோடு 'ஆபேர்' என்ற இன்னொரு வினையின் இறந்தகால வடிவம் ஒட்டிக்கொண்டு, காலப்போக்கில் ஒரே சொல்லாகிப் பிறந்த வடிவம் இது. ஆகவே கடந்துபோன ஓர் இடத்தில் நின்றுகொண்டு முன்னால் பார்க்கிற பார்வை அதற்கு உண்டு. நிபந்தனை என்று பெயர் வைத்திருந்தாலும் அதற்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. மரியாதையாக ஒன்றைக் கேட்பதற்கும், நடந்துபோனதை ஊகமாகச் சொல்வதற்கும் அதுவே பயன்படுகிறது. கிழவி செய்தது ஊகம். "மணி பத்து இருக்கும்" என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால், இதற்காகத் தமிழில் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. "போனால் நன்றாயிருக்கும்" என்கிற அதே 'இருக்கும்'தான் "அப்போது மணி பத்து இருக்கும்" என்பதிலும் வருகிறது. ஒரே வடிவத்துக்கு நிபந்தனை, ஊகம் என்று இரண்டு வேலைகளையும் ஸ்பானிஷ் கொடுத்திருப்பது போலவே நாமும் கொடுத்திருக்கிறோம். பத்திரிகைக்காரர்கள் கேள்விப்பட்ட செய்திக்கும் இதே வடிவத்தைப் போடுகிறார்கள். அது பிரெஞ்சுப் பழக்கம் என்று அங்கே நடைப் பண்டிதர்கள் கண்டிப்பதுண்டு. நமக்கு அந்தச் சங்கடமும் இல்லை. 'வந்தாராம்', 'போனாராம்' என்று ஓர் 'ஆம்' போட்டுப் பொறுப்பைக் கழற்றிக்கொள்கிறோம்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்திவிடும் என்று சொல்லவில்லை. 'வருவான்' என்பதற்கு அவர்கள் 'வேந்த்ரா' என்பார்கள். வருவான் என்று அவள் அன்று நம்பியதைப் பின்னால் சொல்லும்போது அது 'வேந்த்ரியா' என்று மாறும். தமிழில் நினைத்தவளுடைய சொல்லையே 'என்று' போட்டுக் காப்பாற்றிவிடுகிறோம், காலம் மாறுவதில்லை. நண்பரோ இங்கிலீஷைப் பார்த்து, "வந்திருப்பான் என்று நம்பினாள்" என்று எழுதியிருந்தார். அதன் அர்த்தமே வேறு. காத்திருக்கிற தாய் போய், மகன் ஏற்கெனவே வந்துவிட்டதாக எண்ணுகிற தாய் வந்துவிட்டாள்.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர், "வாசகருக்குத் தெளிவு வேண்டாமா, ஸார்? பத்து என்றால் பத்து. சந்தேகம் எதற்கு?" என்றார்.

அந்தச் சந்தேகம்தான் கதை என்பது என் கட்சி. கிழவி மகன் போட்டிருந்த சட்டையின் நிறத்தை அடித்துச் சொல்கிறாள். கதவை அவன் சாத்தாமல் போனதையும் அடித்துச் சொல்கிறாள். மணியை மட்டும் குத்துமதிப்பாகச் சொல்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் கடிகாரத்தை எப்படிப் பார்த்திருப்பாள்? நண்பர் 'இருக்கும்' என்பதை எடுத்தபோது, அவள் எதைப் பார்த்தாள், எதைப் பார்க்கவில்லை என்ற வித்தியாசமே போய்விட்டது. கதாநாயகனின் குலப்பெயர் இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்லாமலே 1605-ல் 'டான் குவிக்ஸோட்'டை ஆரம்பித்தவர் செர்வான்டிஸ். அதனால் அந்த மனிதரை நாம் நம்பாமல் போய்விடவில்லை.

நண்பரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். என் முதல் நாவலில் ஒரு பாட்டி தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறாள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு, பந்தியில் எத்தனை பேர், எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாள். என் சொந்தப் பாட்டி ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. "நூறு பேர் இருப்பா" என்பாள். நான் அதைத் திருத்தி எழுதினேன். திருத்தினால் இலக்கியம் ஆகும் என்று அந்த வயசில் நினைப்பு. எந்த அந்நிய பாஷையிலிருந்தும் மொழிபெயர்க்காமலே அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார். பென்சிலை எடுத்து, 'மணி பத்து' என்பதற்குப் பக்கத்தில் 'இருக்கும்' என்று சேர்த்தார். மற்றப் பக்கங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிரதியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.