செம்பேன் கட்டிய கயிறு

சீர்திருத்தம் பேசுகிற படம் கலையாகாது, பிரசார மேடையாகத்தான் முடியும் என்று பேசித் திரிவோர் உண்டு. அன்னவர்க்கு விடையாக ஒரு கயிற்றைக் காட்டலாம்.

செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 2004-இல் தந்த 'மூலாதே' படத்தில் வருகிறது அந்தக் கயிறு. பெண்ணுறுப்பைச் சிதைக்கும் கொடுஞ்சடங்குக்கு அஞ்சி ஓடிவந்த நான்கு சிறுமியர், கொல்லே என்பாளிடம் அடைக்கலம் புகுகின்றனர். அவள் வாளெடுக்கவில்லை, வாசலுக்குக் குறுக்கே வண்ண நூற்கயிறு ஒன்றைக் கட்டுகிறாள். அடைக்கலக் கயிற்றைத் தாண்டினால் தீங்கு சூழும் என்பது ஊரார் நம்பிக்கை. அவ்வளவுதான்! ஆட்டிப் படைத்த ஊர்ப்பெரியோர் அந்த நூலின் முன் அஞ்சி நிற்கின்றனர். காவலை நீக்கும் சொல்லைச் சொல் என்று ஊரறியச் சவுக்கால் அடிக்கிறான் கணவன். அவள் சொல்லவில்லை. ஒரு மூடநம்பிக்கையைக் கொண்டு இன்னொரு மூடப்பழக்கத்தைத் தடுப்பதா என்று நம் தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கத்தி நெருங்கும் நேரத்தில் கைக்கு எட்டியதை எடுத்தாள் கொல்லே. அதில் குற்றங்காண எனக்கு மனமில்லை.

பொருளொன்றைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பது செம்பேனின் கதைமுறை. 1966-இல் வந்த 'கறுப்புப் பெண்' படத்தில் அது ஒரு முகமூடி. பணிப்பெண் தியோவானா பிரெஞ்சுக் குடும்பத்துக்கு அன்போடு அளித்தது. பிரான்சு மண்ணில் அடிமைபோல் நடத்தப்பட்டு அவள் உயிரை மாய்த்துக்கொண்டபின், அதே முகமூடியணிந்த சிறுவன் முதலாளியைப் பின்தொடர்கிறான். ஓட்டமும் நடையுமாக விரைகிறான் முதலாளி. 1968-இன் 'மந்தாபி'யில் பாரிசிலிருந்து வந்த மணியார்டர். மாற்ற அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். எழுத்தறியாத இப்ராகிமா அலைந்து அலைந்து, முடிவில் பணத்தையும் பறிகொடுக்கிறான்.

1923-இல் பிறந்து 2007-இல் மறைந்த செம்பேன் மீனவர் மகன். மார்சேய் துறைமுகத்தில் உழைத்தவர். நாவல்களால் புகழ்பெற்ற பிறகும், எழுத்தறியாத தம் மக்களுக்கு அவை எட்டவில்லையே என்று, நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ சென்று படக்கலை பயின்றார். திரைப்படத்தை இரவுப் பள்ளி என்றார். பகல் வகுப்பிலேயே பிள்ளைகள் தூங்கக் காணும் எனக்கு அந்த ஆசிரியர்மீது சற்றே பொறாமை!

எனினும் எல்லாம் ஒரே தரமல்ல. மதமாற்றத் திணிப்பை எதிர்த்த 'செத்தோ' (1977) துணிச்சலான படம். செனகல் அரசே தடைசெய்தது. ஆனால் அதில் மனிதர்கள் கட்சிகளாக எதிரெதிரே நின்று வாதாடுகின்றனர். அந்த வாதங்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது. 'மூலாதே'யில் பெண்களின் வானொலிப் பெட்டிகளை ஆண்கள் பறித்து, மசூதியின் முன் குவித்துக் கொளுத்தும் காட்சி மறக்கவில்லை.