இழப்பதற்கு ஒன்றுமில்லையா?

சாவைப் பற்றி எழுதிய புத்தகங்களில் சாவே இடம்பெறாத புத்தகம் ஒன்று உண்டு. ராபர்ட் எட்டிங்கரின் ‘அமரத்துவத்தின் சாத்தியம்’. 1962இல் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1964இல் ஒரு பெரிய அமெரிக்கப் பிரசுரம் அதை வெளியிட்டது. எட்டிங்கர் மிச்சிகனில் பௌதிகம் கற்பித்தவர். இறந்தவர் உடலைக் கடுங்குளிரில் பாதுகாத்து வைத்தால், அவரைக் கொன்ற நோயையும், உறையவைத்ததில் உண்டான சேதத்தையும் பிற்கால விஞ்ஞானம் சீர்செய்து எழுப்பிவிடும் என்பது அவர் கட்சி. இதை விஞ்ஞானமாகப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் விஞ்ஞானிகள் வேலை. மனிதனைப் பற்றிய ஒரு பார்வை என்ற அளவில் இது நம் விசாரணைக்கும் உரியது.

விஞ்ஞானத்தின் நிலையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரவ நைட்ரஜனின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. அந்தக் குளிரில் ரசாயன மாற்றம் அநேகமாக நின்றுபோகிறது. தண்ணீர் பனிப்படிகமாகி உயிரணுக்களைக் கிழிக்காமலிருக்க, ரத்தத்தை வெளியேற்றி, படிகமாகாமல் கண்ணாடி போல இறுகும் திரவத்தைச் செலுத்துகிறார்கள். கருக்களை இந்தக் குளிரில் வைத்து எடுப்பது இன்று சாதாரணம். 2023இல் மின்னசோட்டா ஆராய்ச்சியாளர்கள் ஓர் எலியின் சிறுநீரகத்தை 100 நாள் வரை இப்படி வைத்து, வெதுவெதுப்பாக்கி, வேறோர் எலிக்குப் பொருத்தி இயங்கவைத்தார்கள். ஆனால் எலி, முயல் போன்ற எந்த முழு மிருகமும் அந்தக் குளிரிலிருந்து எழுந்து நடந்ததில்லை. மனிதன் இருக்கட்டும்.

இதெல்லாம் எட்டிங்கரின் தர்க்கத்தைத் தொடாது. அவர் தர்க்கம் ஒரு பந்தயம். புதைத்தால் நிச்சயமாகப் போச்சு. உறையவைத்தால் ஒருவேளை மிஞ்சலாம். ஆகவே இழப்பதற்கு ஒன்றுமில்லை. பாஸ்கலின் பந்தயத்தை அடியொற்றியதுபோலத் தோன்றும். ஆனால் பாஸ்கல் தன் பந்தயக்காரனிடம் அவன் வாழும் முறையையே பணயமாகக் கேட்டான். எட்டிங்கர் கேட்பது பணம். பெரும்பாலோர் அதற்காக ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்துத் தவணை கட்டுகிறார்கள். ‘இழப்பதற்கு ஒன்றுமில்லை’ என்ற வாக்கியத்தைத்தான் நாம் சோதிக்க வேண்டும். அது உண்மையா?

வங்கியில் பேரேடு பார்ப்பவனுக்கு ஒன்று தெரியும். கணக்குக்காரன் வராத வைப்புத்தொகை தானாக இருந்துகொண்டிருப்பதில்லை. வருஷா வருஷம் யாரோ ஒருவன் அதை அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறான். உறைந்த உடலும் அப்படித்தான். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; இருப்பவன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியரை முதன்முதலாக உறையவைத்தவர்களில் ராபர்ட் நெல்சன் ஒருவர். பின்னால் கலிஃபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில், ஒரு மயானத்தின் நிலவறையில், வேறு பல உடல்களை அவர் பராமரித்தார். சில குடும்பங்கள் பணம் அனுப்புவதை நிறுத்தின. இயந்திரம் பழுதானது. உடல்கள் உருகின. உறவினர் பலருக்கு அவர் இதைச் சொல்லவில்லை. 1979இல் விஷயம் வெளியே வந்தபோது, ஒன்பது உடல்கள் அங்கே அழுகிப்போயிருந்தன. குழந்தையும் அதில் உண்டு. நெல்சனை மோசக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். உருகியவர்களுக்காக உறவினர்கள் காத்துக்கொண்டிருந்த வருஷங்களை அது கணக்கில் எடுக்காது. அவர்கள் துக்கத்தை முடிக்கவும் இல்லை, தொடங்கவும் இல்லை.

அதே 1979இல் இன்னொருவன் உறைநிலையிலிருந்து எழுந்திருக்கிறான், மயகோவ்ஸ்கியின் ‘மூட்டைப்பூச்சி’ நாடகத்தில். நாடகம் மேடையேறியது 1929இல். கல்யாண வீட்டில் தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீர் நிலவறையில் உறைய, அதனுள் அகப்பட்ட பிரிசிப்கின்னை ஐம்பது வருஷம் கழித்து எழுப்புகிறார்கள். எழுப்புதல் வெற்றி. ஆனால் அவன் வாழ்ந்த உலகம் அவனோடு எழவில்லை. கூட வந்தது ஒரு மூட்டைப்பூச்சிதான். இரண்டையும் மிருகக்காட்சிசாலையில் கூண்டில் வைக்கிறார்கள். கடைசியில் அவன் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்துத் தன் இனத்தைக் கண்டுகொண்டு கூப்பிடுகிறான். இதை எழுதியவன் எழுப்புதலைக் கேலி செய்ய மட்டும் வந்தவனல்ல. 1923இல் ‘இதைப் பற்றி’ என்ற நெடுங்கவிதையில், முப்பதாம் நூற்றாண்டு ரசாயன விஞ்ஞானியிடம் தன்னை எழுப்பித் தரும்படி மனுப் போட்டவனும் அவன்தான். ஆசையையும் அதன் முட்டாள்தனத்தையும் ஒருசேர அறிந்த மனம் அது. எட்டிங்கரிடம் இல்லாதது இந்த இரண்டாவது அறிவு. மனிதன் என்பது பத்திரமாகப் பூட்டிவைக்கக்கூடிய ஓர் அமைப்பு என்று அவர் நம்புகிறார். நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் அந்த அமைப்பில் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கேட்பதில்லை.

இனி, கேலி செல்லாத ஓரிடம். 2016 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்த பதினாலு வயதுப் பெண் நீதிபதிக்குக் கடிதம் எழுதியிருந்தாள்: தனக்கு வாழ வேண்டும், மண்ணுக்குள் போக விருப்பமில்லை, உறையவைக்க அனுமதி வேண்டும். தாய் ஆதரவு, பிரிந்திருந்த தகப்பன் எதிர்த்தான். உறையவைத்தல் சரியா தவறா என்பதில் தாம் தீர்ப்புச் சொல்லவில்லை என்று தெளிவுபடுத்திவிட்டு, முடிவைத் தாயிடம் விட்டார் நீதிபதி. பெண் இறந்தாள். உடல் அமெரிக்காவுக்குப் போயிற்று. இந்தப் பெண்ணின் முன் தத்துவம் பேச எனக்கு வாய் வராது. பதினாலு வயதில் சாவை ஏற்றுக்கொள் என்று சொல்ல எவனுக்கும் யோக்யதை கிடையாது.

ஆனால் அந்தத் தீர்ப்போடு வெளியான ஒரு தகவல், எட்டிங்கரின் வாக்கியத்துக்குப் பதில். கடைசி நாளில் தாயின் கவனம் மகளிடம் முழுமையாக இருக்க முடியாமல், சாவுக்குப் பிந்திய ஏற்பாடுகளில் போய்விட்டது என்று ஆஸ்பத்திரி கவலை தெரிவித்திருந்தது. தாயைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. முறையே அப்படிப்பட்டது. மரணம் அறிவிக்கப்பட்ட நிமிஷமே பனிக்கட்டியில் குளிர்விக்க வேண்டும். ரத்த ஓட்டத்தைச் செயற்கையாக நடத்த வேண்டும். ஆட்கள் பெட்டிகளோடு தயாராக வாசலில் நிற்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளும் கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும்.

பந்தயத்தின் விலை இதுதான். எதிர்காலம் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதற்காகத் தரப்படுவது மட்டும் நிச்சயமாக இங்கே, இப்போது, கையிலிருக்கும் கடைசி நாள். எட்டிங்கர் தன் தாயை 1977இல் உறையவைத்தார். பிறகு இரண்டு மனைவிகளை. 2011இல் அவரும் போய்ச் சேர்ந்தார். பிரிய மனமில்லாத ஒரு மனிதரின் காரியம் என்று அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிரியத்துக்கு அவருடைய புத்தகத்தில் ஒரு பத்தி கிடையாது. லாப நஷ்டம்தான் இருக்கிறது, அதிலும் நஷ்டப் பக்கம் வெறுமையாக. லண்டன் பெண்ணின் ஆசையில் பொய் இல்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டதுதான் பொய்.