தொட்டால் குளிராத கைப்பிடி

இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், மருத்துவமனை வளாகத்துக்குள் சின்னதாக ஒரு மரக்கட்டடம் இருக்கிறது. அதன் கதவுக் கைப்பிடிகளை ஓக் மரத்தில் செய்திருக்கிறார்கள். சில கீமோ மருந்துகள் ஏறிய கைக்குக் குளிர்ந்த உலோகம் பட்டால் சுரீரென்று ஊசி குத்தும். அதற்காகத்தான் மரம். பள்ளிக்கூடத்தில் நயம் பாராட்டச் சொன்னால் மோனை, எதுகை, உவமை என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். இந்தக் கைப்பிடிக்கு எந்தத் தலைப்பில் மதிப்பெண் போடுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பழைய பிணவறை இருந்த இடத்தில், 2017இல் திறந்த கட்டடம் அது. மெல்லிய தூண்கள் அதைத் தூக்கிப் பிடித்திருக்க, கீழே தோட்டம். தரையின் நடுவே விட்ட வெளியில் கீழிருந்து ஒரு மரம் வளர்ந்து, கூரையைத் தாண்டி வானத்துக்குப் போகிறது. உள்ளே நுழைகிறவர் தலை குனிந்து வந்தாலும் பச்சையைப் பார்க்காமல் தப்ப முடியாது. அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் தலை குனிந்துதானே வருவார்கள்.

'மேகீஸ்' என்ற பெயரில் புற்றுநோயாளிகளுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் நடக்கும் மையங்களில் இது ஒன்று. கட்டணம் கிடையாது. பெயருக்கு உரியவர் மேகி கெசிக் ஜெங்க்ஸ். சீனத் தோட்டங்களைப் பற்றி 1978இல் நூல் எழுதியவர். 1993இல் மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்து, இனிச் சில மாதங்கள்தான் என்று மருத்துவர் சொன்ன கையோடு, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் தாழ்வாரத்துக்கு நகர முடியுமா என்று கேட்டார்களாம். தோட்டங்களையே படித்துப் பழகிய கண்ணுக்கு ஜன்னல் இல்லாத தாழ்வாரம். மிச்சமிருந்த நாளில் அவர் தாழ்வாரத்துக்கு மாற்றாக ஓர் இடத்தைத் திட்டமிட்டார். 1995இல் போய்ச் சேர்ந்தார். மறு வருடம் எடின்பரோவில், பழைய குதிரை லாயம் ஒன்றில் முதல் மையம் திறந்தது.

மையம் கட்ட வருகிற கட்டடக்கலைஞருக்குக் கொடுக்கும் குறிப்பு சில பக்கங்கள்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து புல்லும் மரமும் வானமும் தெரிய வேண்டும். கழிப்பறை ஒருவர் தனியாக அழுதுவிட்டு வரத் தோதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவதை எழுதியவர் எங்கோ ஒரு கழிப்பறையில் நின்று அழுதிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பத்திரிகைகள் கட்டடக்கலைஞர்களின் பெயரைத்தான் பெரிதாகப் போடும். ஃபிராங்க் கெரி, ரெம் கூல்ஹாஸ், நார்மன் ஃபாஸ்டர் என்று பட்டியலும் பெரியது. வாரம் ஒரு நாள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இந்த மையங்களின் தோட்டத்துக்கு வந்து, முட்டி போட்டுக் களை பறித்துவிட்டுப் போகும் தன்னார்வலர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கென்னவோ அவர்கள் பக்கம்தான் ருசி.

2016இல் திறந்த மான்செஸ்டர் மையத்தில், ஃபாஸ்டர் தெற்கு முனையில் ஒரு கண்ணாடிக் குடில் வைத்தார். வருகிறவர்கள் அங்கே பூ வளர்க்கலாம்; அந்தப் பூ உள்ளே மேசைக்குப் போகும். மருத்துவமனையில் நம்மிடமிருந்து எடுப்பார்கள், நமக்குள் ஏற்றுவார்கள், காத்திருக்கச் சொல்வார்கள். இங்கே ஒரு தொட்டி, கொஞ்சம் மண், ஒரு விதை. பக்கத்தில் தன்னார்வலர் ஒருவர் தன் தொட்டியோடு. "எப்படி இருக்கீங்க?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கண் மண்ணிலும் விரல் வேரிலும் இருக்கும்போது வேறு பதில் வரும். நம் வீடுகளில் கீரை ஆயும்போதும் பூத் தொடுக்கும்போதும் வெளிவந்த ரகசியங்கள் கொஞ்சமா?

அந்த ஊர்க் குளிரில் டுலிப் கிழங்கை நவம்பர் வாக்கில் புதைப்பார்கள். கூர்முனை மேலே பார்க்க வேண்டும். கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம். மேலே மண்ணைத் தள்ளி மூடினால் அங்கே ஏதாவது இருக்கிறது என்பதற்கு அடையாளமே இருக்காது. பூ ஏப்ரலில். அடுத்த ஸ்கேன் தேதியைத் தாண்டி எதையும் நினைக்காதவரிடம் ஆறு கிழங்கை நீட்டி, "இந்த வரிசை உங்களுடையது" என்று ஒருவர் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

இத்தகைய தோட்டத்தில் இல்லாதவற்றையும் பார்க்கத் தெரிய வேண்டும். சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். மண்ணிலும் மக்கு உரத்திலும் உள்ள பூஞ்சை ஆபத்து. அதனால் கையுறை. உரமூட்டையைத் தன்னார்வலரே பிரித்துக் கொட்டிவிட வேண்டும். கீமோ நாளில் நறுமணமே குமட்டும் என்பதால் கடும் வாசனைச் செடிகள் உட்காரும் இடத்தருகே வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. என் அத்தை மல்லிகை இல்லாமல் வெளியே கால் வைக்காதவர். கீமோ மாதங்களில், யாரோ அன்பாக வாங்கிவந்த இரண்டு முழத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டேய், அதக் கொஞ்சம் அந்தாண்ட கொண்டுபோய் வையேன்" என்றார்.

குமட்ட வைக்கும் அந்த மருந்துகளில் சில செடியிலிருந்தே வருகின்றன. இங்கிலாந்தில் யூ மரம் கல்லறைத் தோட்டத்து மரம். வீட்டு வேலியாகவும் வளர்ப்பார்கள். வேலியைக் கத்தரித்த தழையிலிருந்து டோசிடாக்ஸெல் என்னும் புற்றுநோய் மருந்துக்கு மூலப்பொருள் கிடைக்கும். நமக்கு நித்தியகல்யாணி. பிள்ளைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அதிலிருந்து வந்ததுதான். தென்மாவட்டங்களில் பயிராகவே போடுகிறார்கள். (இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், நஞ்சு.) மங்கலமான பேரை வைத்துவிட்டு, அதே செடியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வாசலில் சேர்க்காதவர்களும் நாம்தான்.

அத்தை வீட்டு மாடிப்படி ஓரத்தில், உடைந்த சிமெண்டுத் தொட்டியில் அது தானாக முளைத்துக் கிடந்தது. ஊதா நிறம், மணமே கிடையாது. அதை மட்டும் அந்தாண்ட எடுக்கச் சொல்லவில்லை.