ராஜம் கிருஷ்ணன்: களத்திலிருந்து வந்த நாவல்கள்

ராஜம் கிருஷ்ணன் 1925இல் திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். பள்ளிப் படிப்பு அதோடு சரி. கணவர் மின் பொறியாளர். அவருக்கு வேலை அமைந்த ஊர்களில் குடித்தனம் நடத்திக்கொண்டே வாசித்தும் எழுதியும் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டார். 1950இல் நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் இவருடைய கதை பரிசு பெற்றது. 1953இல் ‘பெண்குரல்’ நாவலுக்குக் கலைமகள் பரிசு, 1958இல் ‘மலர்கள்’ நாவலுக்கு ஆனந்த விகடன் பரிசு. இந்தக் கட்டம் வரை அவர் லட்சுமி, அநுத்தமா வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்க குடும்ப நாவலாசிரியர்தான். மாமியார், மருமகள், நாத்தனார், அடுக்களைப் புழுக்கம் என்று பத்திரிகை வாசகிகள் விரும்பிய உலகம் அது. அதிலேயே இருந்திருந்தாலும் பெயருக்குக் குறைவு வந்திருக்காது.

திருப்பம் நீலகிரியில் வந்தது. குந்தா நீர்மின் திட்டத்தில் கணவர் பணியாற்றிய காலத்தில் படகர்களின் ஹட்டிகளோடு, அதாவது ஊர்களோடு, அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அதிலிருந்து பிறந்த ‘குறிஞ்சித் தேன்’ 1963இல் நூலாயிற்று. மரகதமலை ஹட்டியைச் சேர்ந்த ஜோகி, ரங்கன் என்ற இரண்டு பையன்கள். ஜோகி மண்ணையும் மாட்டையும் விட்டு விலகாதவன். ரங்கன் ஊரை விட்டு ஓடி, ஒத்தையில் காசு பார்த்துத் திரும்புகிறவன். உதகைக்கு அந்த மக்கள் வழங்கும் பெயர் ஒத்தை; நாவல் நெடுக அப்படியேதான் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிதான் இங்கே காலக் கணக்கு. ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையில் சாமையும் ராகியும் விளைந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு ஏறுகிறது, பிறகு தேயிலை, கடைசியில் அணை. மூன்று தலைமுறைக் கதையை இவ்வளவு எளிய கணக்கில் கட்டிய நாவல் தமிழில் அதிகம் இல்லை. ராஜம் கிருஷ்ணனின் படைப்புகளில் ஒன்றே ஒன்றுதான் தேர வேண்டும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாவலில் அணைக்கு நிலம் எடுக்கும் கட்டத்தை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வாசகர் வேறு மாதிரிதான் வாசிப்பார். 1895இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் தண்ணீரால் இருபோகம் கண்ட பூமி இது. அதே தேனி மாவட்டத்தில், 1959இல் முடிந்த வைகை அணைக்காகத் தங்கள் ஊர்களையே விட்டுக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கதையை வடுகபட்டிக்காரரான வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தில் எழுதி, 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வைரமுத்துவிடம் ஒப்பாரியின் உரத்த குரல். நாயகன் பேயத்தேவரின் துயரத்தைக் காவியமாக்கும் வேகம். ராஜம் கிருஷ்ணனிடம் அந்த உரப்பு கிடையாது. அணை வந்தால் விளக்கு எரியும் என்பதும் அவருக்குத் தெரியும், ஜோகியின் மண் போய்விடும் என்பதும் தெரியும். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்கவில்லை. மின் பொறியாளர் வீட்டில் உட்கார்ந்து இப்படி எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இதன்பின் களத்துக்குப் போய்த் தங்கி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதுவதே அவருடைய முறையாகிவிட்டது. கோவா விடுதலையை ‘வளைக்கரம்’ எடுத்துக்கொண்டது. அதற்கு 1975இல் சோவியத் நாடு நேரு விருது கிடைத்தது. காந்தி நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் காந்தியமும் தீவிரவாதமும் மோதுவதைப் பேசிய ‘வேருக்கு நீர்’ 1973இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தமிழில் அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். விருது பெற்ற நாவல் அவருடைய சிறந்த நாவல் அல்ல என்பது வேறு விஷயம். அகாதெமிக்கு அது புதிய வழக்கமும் அல்ல. சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர், தென்கடற்கரை மீனவர், தஞ்சை வயல்களின் கூலி விவசாயிகள், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகள் என்று களங்கள் விரிந்தன. பிரான்சில் எமிலி ஸோலா நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு ‘ஜெர்மினல்’ எழுதியதும், வங்காளத்தில் மகாசுவேதா தேவி பழங்குடிக் கிராமங்களில் அலைந்ததும் இதே வழிதான்.

இந்த முறை முழுதாகப் பலித்த இடம் தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’. பொன்னாச்சி பிழைப்புக்காக அளத்துக்கு வருகிறாள். பாத்தியை மிதித்துப் பதப்படுத்துவது, உப்பு இறங்கியதும் வாருபலகையால் இழுத்துச் சேர்ப்பது, பெட்டியில் அள்ளிச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது என்று வேலை வேலையாக நாவல் நகர்கிறது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. கரிப்பு நீர் பாதத்தை அரிக்கிறது. கணக்கப்பிள்ளைகளின் பார்வைக்கும் கைக்கும் தப்புவது பெண்களுக்குத் தனி வேலையாகிவிடுகிறது. இங்கே ஆசிரியை இரக்கத்தைக் கேட்டு வாங்கவில்லை. உடம்பு படும் பாட்டை வரிசையாகச் சொன்னால் போதும் என்று நம்பியிருக்கிறார். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை நித்தம் பார்க்கிற எங்கள் ஊரில், பொன்னாச்சியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

இவருடைய நாவல்களுக்குக் கிடைத்த வரவேற்பு என்றுமே ஒருமுகமாக இருந்ததில்லை. இடதுசாரி வாசகர்களும் தொழிற்சங்கக்காரர்களும் உழைப்பாளியின் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதியவர் என்று கொண்டாடினார்கள். பெண்ணிய வாசகர்களுக்கு அவர் முன்னோடி. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறத் துணிவதை ‘வீடு’ சொன்னதும், மணலூர் மணியம்மாளின் போராட்ட வாழ்க்கையை ‘பாதையில் பதிந்த அடிகள்’ மீட்டுத் தந்ததும் அவர்களுக்கு முக்கியம். சிறுபத்திரிகை வட்டாரம் மட்டும் சற்று ஒதுங்கியே நின்றது. தகவல் இருக்கிறது, தரிசனம் இல்லை. மனிதர்கள் பிரச்சினைக்காகப் படைக்கப்படுகிறார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பவை அங்கே எழுந்த குறைகள். பொழுதுபோக்குத் தொடர்கதை வாசகர்களுக்கோ இவர் கொஞ்சம் கனமானவர்.

சிறுபத்திரிகைக்காரர்களின் குறையைத் தள்ளிவிட முடியாது. பிற்கால நாவல்கள் சிலவற்றில் பாத்திரங்கள் பேச வாயெடுத்தாலே கருத்தரங்கு தொடங்கிவிடுகிறது. விவசாயப் பெண்களைப் பற்றிய ‘கோடுகளும் கோலங்களும்’ சில பக்கங்களில் பயிற்சிக் கையேட்டின் வாடை அடிக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தொட்ட ‘மண்ணகத்துப் பூந்துளிகள்’ எங்கள் பகுதிக்கு மிக நெருங்கிய விஷயம். கம்பத்திலிருந்து மதுரை போகும் வழியிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தின் பெயர் 1980களின் நடுவில் இந்தக் கொடுமையோடு சேர்ந்தே நாடெங்கும் அடிபட்டது. அந்த நாவலில் ஆசிரியையின் கோபம் உண்மையானது. ஆனால் கொல்லும் கையின் மனசுக்குள் அது போதுமான அளவு இறங்கவில்லை. குறிஞ்சித் தேனுக்கு வாய்த்த நெடுநாள் பழக்கம் மற்றக் களங்களில் வாய்க்காததே காரணம் என்று தோன்றுகிறது. கூட வாழ்ந்து கண்டதும், போய்ப் பார்த்து வந்ததும் எழுத்தில் ஒன்றாக இறங்குவதில்லை.

1990களில் வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. பாமா, சிவகாமி போன்ற தலித் எழுத்தாளர்கள் தங்கள் மக்களின் வாழ்க்கையைத் தாங்களே எழுத வந்தபோது, வெளியிலிருந்து வந்து எழுதியவரின் இடம் என்ன என்று கேட்கப்பட்டது. பரதவர் வாழ்வைப் பற்றி ஜோ டி குரூஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. அதை வாசித்த கையோடு ராஜம் கிருஷ்ணனின் 1978ஆம் ஆண்டு மீனவர் நாவலான ‘அலைவாய்க் கரையில்’ நூலை எடுத்தால், கடல்மொழியின் அடர்த்தியில் பின்னது மெலிந்துதான் தெரிகிறது. அதற்காக அதைக் கழித்துக் கட்டுவது நியாயமாகாது. கரையில் மீனுக்கு விலை வைக்கும் இடத்தில் பெண்கள் படும் பாட்டை ராஜம் கிருஷ்ணனின் கண் முன்னமே பார்த்துவிட்டது.

கடைசிக் காலம் அவருக்குக் கடினமாகவே போயிற்று. கணவர் மறைந்தபின் ஆதரவில்லாமல் முதியோர் இல்லத்திலும் பிறகு மருத்துவமனைப் பராமரிப்பிலும் இருந்தார். 2009இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது; பெரும்பாலும் ஆசிரியர் காலமான பிறகே செய்யப்படும் காரியம், இவருக்கு உயிரோடு இருக்கும்போதே நடந்தது. 2014 அக்டோபர் 20ஆம் தேதி சென்னையில் காலமானார். நாட்டுடைமையானதால் எந்தப் பதிப்பகமும் இந்த நாவல்களை அச்சிடலாம். பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் ‘குறிஞ்சித் தேன்’, அடுத்து ‘கரிப்பு மணிகள்’, பிறகு ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று போவது நல்லது. ‘வேருக்கு நீர்’ கடைசியில் இருக்கட்டும்.