நாளுக்கு எவ்வளவு இடம்?

நவம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோவின் எழுதுபொருள் கடைகளில் ஒரு மேசை தனியாக முளைத்துவிடும். அடுத்த ஆண்டை அதன்மேல் அடுக்கி வைத்திருப்பார்கள். தோல் அட்டை, துணி அட்டை, சட்டைப்பைக்குள் அடங்குவது, இரண்டு கையாலும் தூக்க வேண்டியது என்று பல வகை. அந்த மேசைக்கு முன்னால் ஆண்டுதோறும் அரை மணி நேரமாவது நிற்கிறேன். வாங்கியவற்றில் பெரும்பாலானவை மார்ச் மாதத்தோடு நின்றுபோயின. என் சோம்பல்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது குற்றத்தில் பாதியை அந்த ஏடுகளின்மேல் சுமத்தத் துணிந்திருக்கிறேன்.

நாவலுக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். நம்மில் பலரும் ஆண்டுதோறும் வாங்கும் இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. உள்ளே ஒன்றும் இல்லையே, எதைப் படித்து விமர்சிப்பது என்று கேட்கலாம். என் தொழில் தகவல் அமைப்புகளை வடிவமைப்பது. அதில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது: படிவத்தில் எதற்குக் கட்டம் இல்லையோ, அந்த விஷயம் அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. காலி ஏட்டின் கோடுகளும் கட்டங்களும் ஒரு பிரதிதான். ஒரு நாள் என்றால் என்ன என்பதை நாம் எழுதத் தொடங்கும் முன்பே அது எழுதி வைத்திருக்கிறது.

மேசையில் இருக்கும் மூன்று வகைகளை அப்படிப் படித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, அலுவலக வாரத் திட்ட ஏடு. விரித்தால் இரண்டு பக்கத்தில் ஒரு வாரம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலையில் முடியும் மணிக்கோடுகள். இவற்றில் பலவற்றில் சனியும் ஞாயிறும் சேர்ந்து ஒரு நாளின் இடத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கும். இந்த ஏட்டின் கதாநாயகன் யார் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. அவனுக்குச் சந்திப்புகள் உண்டு, சமையல் இல்லை. இரவில் அவன் இருப்பதில்லை. இங்கே வந்த முதல் தலைமுறைத் தமிழர்களில் எத்தனை பேர் இரவு ஷிப்டில் தொழிற்சாலையிலும் பேக்கரியிலும் நின்றார்கள்! அவர்களுடைய நாளுக்கு இந்த ஏட்டில் ஒரு கோடுகூட இல்லை.

இரண்டாவது, ஜப்பானின் ஹோபோனிச்சி டெச்சோ. ஷிகெசாட்டோ இட்டோய் என்ற விளம்பர வாசக எழுத்தாளர் தொடங்கியது. 2002ஆம் ஆண்டுக்கான ஏடுதான் முதல் பதிப்பு. நாளுக்கு ஒரு பக்கம், மெல்லிய கட்டங்கள், பக்கத்தின் அடியில் ஒரு மேற்கோள். 'டொமோ ரிவர்' என்ற அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தும் பேனா மை மறுபக்கம் ஊறாது. மணிக்கோடுகளின் அதிகாரம் இதில் இல்லை; படம் வரையலாம், பேருந்துச் சீட்டை ஒட்டலாம். ஆனால் இதற்கும் ஒரு பிடிவாதம் உண்டு. எல்லா நாளுக்கும் ஒரே ஒரு பக்கம். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமையும் ஒரு முழுப் பக்கத்தைக் காட்டி, என்ன செய்தாய் என்று கேட்கிறது. என் டெச்சோ மார்ச்சில் நின்றதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். நான்கு காலிப் பக்கங்கள் சேர்ந்துவிட்டால் ஐந்தாம் நாள் பேனாவை எடுக்க மனம் கூசுகிறது.

மூன்றாவது, புள்ளியிட்ட வெற்று ஏடு. நியூயார்க்கில் வாழும் வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013இல் வெளியிட்ட 'புல்லட் ஜர்னல்' முறைக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். வேலைக்குப் புள்ளி, நிகழ்ச்சிக்கு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. முடியாத வேலையை அடுத்த மாதத்துக்குக் கையால் மறுபடி எழுதி நகர்த்த வேண்டும். எழுதக் கை வலித்தால் அந்த வேலை தேவைதானா என்று யோசிப்பீர்கள் என்பது அதன் தத்துவம். நல்ல தத்துவம்தான். ஆனால் மென்பொருள் துறையில் இருபதாண்டு கழித்தவனுக்கு, முடியாத வேலைகளை அடுத்த சுற்றுக்குத் தள்ளும் அந்தச் சடங்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தேதிக் கட்டங்களிலிருந்து விடுதலை கிடைத்தது. நாள் என்பது முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் என்ற எண்ணத்திலிருந்து கிடைக்கவில்லை.

இந்த மூன்றும் நாளையைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் நாம் வைத்திருக்கும் சொல்லோ நாட்குறிப்பு. நடந்த நாளைக் குறிப்பது.

அந்தச் சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் பெரிய சான்று ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர். 1736இல் எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும்வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் என்ன சொன்னார், கவர்னரின் மனைவி என்ன செய்தார், ஊரில் யார் யாரோடு பேசவில்லை என்று எல்லாம் அதில் உண்டு. சில நாளுக்கு இரண்டு வரி போதும் அவருக்கு. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது எழுத்து பக்கம் பக்கமாக நீள்கிறது. நாளின் நீளத்தை அந்த நாளே முடிவு செய்தது. அவருக்கு முன், லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை எழுதியதும் வெற்று ஏடுகளில்தான். அச்சிட்ட தேதிகளுடன் வரும் ஏட்டை லண்டன் எழுதுபொருள் வணிகர் ஜான் லெட்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1812இல். வணிகர்களின் தேவைக்குப் பிறந்த ஏடு அது. 365 நாளுக்கும் சரிசமமாக இடம் பிரிக்கப்பட்டது. கணக்குக்கு அது வசதி. வாழ்க்கை அப்படிச் சமமாக நடப்பதில்லை.

இதையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு குடியுரிமை விண்ணப்பத்தால்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் என் மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்தது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு என் கணக்கை மூடினார்கள். அதில் தவறில்லை, விதி அதுதான். அந்தக் கணக்கோடு என் நாட்காட்டியும் போயிற்று. என் நாட்களையெல்லாம் அதற்குள்தான் வைத்திருந்தேன் என்பது அடுத்த மாதம் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் உறைத்தது. கனடாவில் குடியுரிமை கேட்கும் பெரியவர்கள், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டில் குறைந்தது 1,095 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். வெளியே போன ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, காரணம் எழுத வேண்டும். வேலைக்காக நான் அமெரிக்காவுக்குப் போகாத மாதமே இல்லை. கடவுச்சீட்டில் எல்லாப் பயணத்துக்கும் முத்திரை இல்லை. தகவல்களைப் பாதுகாப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்பவனிடம் தன் ஐந்தாண்டுக்குத் தகவல் இல்லை.

"என் டைரியில இருக்கும், பாருங்க" என்றாள் மனைவி.

ஸ்கார்பரோவில் ஒரு காப்புறுதி முகவர் தன் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுக்கும் டைரி அது. முதல் பக்கத்தில் அவருடைய புன்னகை. தாள் மட்டம், ஜெல் பேனாவில் எழுதினால் மறுபக்கம் தெரியும். நாளுக்கு ஐந்தாறு கோடுதான். அவள் அதில் பால், மருந்து, மாவு அரைத்த நாள், பள்ளிக்குக் கட்டிய பணம் எல்லாம் எழுதுவாள். அடுக்களை அலமாரியிலிருந்து ஐந்தாண்டு டைரிகளும் இறங்கின. நான் ஊரில் இல்லாத நாட்கள் பால் கணக்கில் இருந்தன. "இவர் சிகாகோ. பால் ஒரு பை போதும்." "இவர் இன்று ராத்திரி வர்றார். மாவு கூட." ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து என் பயணங்களைப் பால் பைகளிலிருந்து எடுத்து எழுதினேன்.

அந்தத் தேதிகளைத் தேடும்போது வேறொரு வரியும் கண்ணில் பட்டது. "பாப்பாவுக்கு 102. இன்டர்வியூ 11 மணி. போகலை." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த நாளில் மருந்தின் பெயரும் விலையும் இருந்தன. ஊரில் கல்லூரியில் பாடம் நடத்தியவள் அவள். இங்கே வந்து நான்கு ஆண்டுகள் வேலை தேடினாள். அப்படி ஓர் அழைப்பு வந்ததே எனக்குத் தெரியாது. அந்த வாரம் நான் சிகாகோவில் இருந்தேன். என் மூடிய நாட்காட்டி திறந்திருந்தாலும் அந்த நாளில் எனக்கு மூன்று கூட்டங்கள் இருந்ததைத்தான் சொல்லியிருக்கும்.

கேட்டேன். "சொல்லி என்ன ஆகப்போவுது, நீங்க அங்க இருந்து என்ன செஞ்சிருப்பீங்க" என்றாள். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

நாட்குறிப்பு இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சிந்தனையின் குறிப்புகள். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. அதன் பிற்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் வருகின்றன. அதற்குப் பிறகு தமிழில் டைரி எழுதிய இளைஞர்கள் பலர் அந்தத் தொனியில் எழுத முயன்றோம். நான் மார்ச்சில் நிறுத்தியவற்றிலும் அந்த முயற்சி இருக்கிறது. இன்று புரட்டினால் எண்ணங்கள் இருக்கின்றன, நாட்கள் இல்லை. எந்தச் செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தாலும் அப்படியே பொருந்தும். பால் கணக்கு எழுதிய டைரியிலோ ஒரு நாளை இன்னொரு நாளோடு மாற்றி வைக்க முடியாது. ஆனந்தரங்கரை இன்றும் படிப்பதற்குக் காரணமும் அதுதான். அவர் சரக்கு விலையை எழுதினார். அதனால் அவருடைய அச்சத்தையும் ஆசையையும் நம்ப முடிகிறது.

ஆகவே என் மதிப்பீடு இது. தாளின் தரம், அட்டை, நாடா எல்லாம் இரண்டாம் பட்சம். ஏட்டைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நடக்கப்போவதற்குத் தந்த இடத்தில் பாதியாவது நடந்ததற்குத் தருகிறதா? இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடம் உண்டா? ஒரு வரி மட்டும் எழுதினால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூட முடிகிறதா? நாளைய சந்திப்புகளைத் தொலைபேசி பார்த்துக்கொள்ளும். அதை அது நன்றாகவே செய்கிறது. காகிதத்திடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டு நான் அந்த மேசைக்குப் போகவில்லை. பக்கத்திலிருந்த அலமாரியில் தேதியில்லாத கோடிட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். தேதியை நானே எழுதுவேன். நாள் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு கிழித்து அடுத்ததைத் தொடங்குவேன். அவளுக்கு ஒரு டெச்சோ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். தாளைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எழுதணும்னா யோசிச்சு எழுதணும். பால் வாங்கினதை இதுல எழுத மனசு வராது" என்றாள்.

காப்புறுதி முகவரின் டைரி டிசம்பர் முதல் வாரம் தபாலில் வந்துவிட்டது. அதே புன்னகை, அதே மட்டத் தாள். அவள் அதில் முதல் வேலையாகப் பாப்பாவின் பல் மருத்துவர் தேதியை எழுதினாள். நான் என் நோட்டைத் திறந்து அதே தேதியை எழுதி, பக்கத்தில் "நான் கூட்டிப் போகிறேன்" என்று சேர்த்தேன். அது திட்டம்தான். அந்த நாள் வந்ததும் கீழே ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன்.