கட்டியா, பையா? ஒரு பெயர் மாற்றம் பற்றி

புற்று, கட்டி வகைகளுக்கெல்லாம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வகைப்பாட்டுப் புத்தகம் போடும். பயாப்சி ரிப்போர்ட்டில் வருகிற பெயர்கள் பெரும்பாலும் அதிலிருந்து வருபவைதான். தலை, கழுத்துப் பகுதிக்கான 2005 பதிப்பில் நடந்த ஒரு பெயர் மாற்றம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தாடை எலும்புக்குள் வருகிற ஒரு பை. 1956-ல் பிலிப்சன் என்பவர் அதற்கு ஓடோண்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட் என்று பெயர் வைத்தார். 2005-ல் அது 'கெரட்டோசிஸ்டிக் ஓடோண்டோஜெனிக் ட்யூமர்' ஆனது. வேடிக்கை என்னன்னா, அந்தப் பகுதியை எழுதியவரும் அதே பிலிப்சன்தான். 2017 பதிப்பில் மறுபடி சிஸ்ட்!

மாற்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இது சாதுவான பை கிடையாது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பக்கம் தொடங்கி, எலும்பை அதிகம் உப்ப வைக்காமல் உள்ளுக்குள்ளேயே நீளவாக்கில் பரவும். வீக்கம் தெரியாததால் பலருக்கு வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் அகப்படும். உள்சுவர் வெறும் 6 முதல் 8 அடுக்கு செல்கள். சுரண்டி எடுக்கும்போது கிழிந்து, ஒரு துணுக்கு தங்கிவிட்டாலும் திரும்ப முளைக்கும். போதாததற்கு பிடிசிஎச்1 மரபணுவில் பிறழ்வு வேறு. கோர்லின் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இப்படிப் பல பைகள் வருவதும் அந்த மரபணுவால்தான்.

எல்லாம் சரி. ஆனால் 'ஆகவே இது கட்டி' என்கிற இடத்தில்தான் இடிக்கிறது. அதே பிறழ்வு வேறு சில தாடைப் பைகளிலும் தென்பட்டது. தவிர, பையில் ஒரு ஜன்னல் மாதிரி வெட்டி வாயோடு திறந்து விட்டால் அது மெல்லச் சுருங்குகிறது. சில சமயம் உள்சுவரே சாதாரண வாய்த்தோல் போல மாறிவிடுகிறது. கட்டிகள் அப்படி நல்லபிள்ளை ஆவது வழக்கமில்லை. 2017-ல் பின்வாங்கியவர்களின் வாதமும் ஏறக்குறைய இதுதான்.

'ட்யூமர்னு சொன்னாத்தான் டாக்டர்கள் ஜாக்கிரதையா இருப்பாங்க' என்று ஒரு சமாதானம் உண்டு. நான் ஏற்கவில்லை. நம்ம வீடுகளில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம், கேன்சர். தமிழிலும் தப்ப வழியில்லை. ட்யூமர் கட்டி, சிஸ்ட் நீர்க்கட்டி. இந்தப் பைக்குள் பல நேரம் நீர்கூட இருக்காது, பாலாடைக்கட்டி போல கெரட்டின்தான் இருக்கும்!

இந்தப் பெயர்ச் சண்டையில் கவனம் பெறாமல் போனது நோயறிதலின் நிஜமான சிக்கல். எக்ஸ்ரேயில் இதுவும் அமிலோபிளாஸ்டோமா என்ற அசல் கட்டியும் ஒரே மாதிரி தெரியலாம், ஆகவே பயாப்சி வேண்டும். ஆனால் பையில் அழற்சி இருந்தால் அந்த இடத்தில் சுவரின் அடையாளங்கள் அழிந்துவிடும். சின்னத் துணுக்கு எடுத்து 'சாதாரண சிஸ்ட்' என்று ரிப்போர்ட் வந்தால், பல வருஷம் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்க வேண்டியவர் ஒரே மாதத்தில் மறந்துவிடுவார்.

2005 பதிப்பை ஒரு விஷயத்துக்குப் பாராட்டலாம். மேலடுக்கு செல்களில் உட்கரு இல்லாத வகையை அது இந்தப் பெயரிலிருந்து தனியே பிரித்தது. அந்த வகை அபூர்வமாகத்தான் திரும்ப வரும். அந்தப் பிரிவினை 2017-லும் அப்படியே நின்றது.