மட்டையும் முழங்கையும்

பெங்களூருவில் கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் ஆடுகளங்களிலும், நகரத்தின் பழைய கிளப்புகளிலும், வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் பக்கத்துப் பெருங்குடியிருப்புகளில் சாயம் பூசிக் கோடு போட்ட சிமெண்டுத் தளங்களிலும் விடியற்காலையில் டென்னிஸ் ஆடுகிறவர்களைப் பார்த்தால், அவர்களுள் பலர் முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகே மட்டையைக் கையில் எடுத்தவர்கள் என்பதும், பகலெல்லாம் கணினியின் முன் அமர்ந்து மணிக்கட்டையும் முன்கையையும் ஏற்கெனவே களைக்க வைத்துக்கொண்டவர்கள் என்பதும் எளிதில் புலப்படும். இவர்கள் கடைக்குப் போய் நல்ல மட்டை ஒன்று வேண்டும் என்றவுடன் எதிர்ப்படும் முதல் கேள்வி, "உங்கள் ஆட்டம் எப்படி?" என்பதாகும். பின்கோட்டில் நின்று பந்தைச் சுழற்றி அடிப்பவரா, வலையருகே பாய்ந்து வாலி ஆடுபவரா, பலம் வேண்டுமா, கட்டுப்பாடு வேண்டுமா என்று கிளைத்துச் செல்லும் அந்த விசாரணையின் முடிவில், பதினையாயிரம் இருபதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள ஒரு மட்டை அவர் கைக்கு வந்து சேர்கிறது. ஆட்டத்திற்கேற்ற மட்டை என்னும் இந்தச் சித்தாந்தம் இன்று ஒரு சாஸ்திரத்தின் கௌரவத்தையே பெற்றுவிட்டபடியால், அதன் குணதோஷங்களை நிதானமாக ஆராய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

குணத்தை முதலில் சொல்வதே நியாயம். மரமட்டைகளின் காலத்தில் தெரிவு என்பதற்கு இடமே மிகச் சொற்பம். தலைப்பரப்பு எல்லா மட்டைகளுக்கும் ஏறக்குறைய 65 முதல் 70 சதுர அங்குலம். நீளம் 27 அங்குலம். வாங்குகிறவர் கேட்கக்கூடியதெல்லாம் கனமானதா, நடுத்தரமா, இலேசானதா, பிடியின் பருமன் எவ்வளவு என்பவையே. மழைக்கால ஈரத்தில் சட்டம் கோணிவிடாமல் இருக்க, நான்கு மூலைகளிலும் திருகாணி வைத்த மரப்பலகைகளுக்கிடையே மட்டையை இறுக்கி வைக்கும் வழக்கத்தை நம் மூத்த தலைமுறையினர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து சென்ற ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டியதும், முறையே நீல் ஃப்ரேஸரிடமும் ராட் லேவரிடமும் தோற்றதும் இத்தகைய மட்டைகளைக் கொண்டுதான். நயத்தாலும் இடமறிந்து பந்தை வைக்கும் சாமர்த்தியத்தாலும் ஆடிய கிருஷ்ணனும், சர்வீஸ் செய்த மறுகணமே வலையை நோக்கிப் பாய்ந்த அந்த ஆஸ்திரேலியர்களும் ஏறத்தாழ ஒரே விதமான கருவியைத்தான் பிடித்திருந்தனர் என்பதிலிருந்து, கருவி ஆட்டத்தைப் படைப்பதில்லை என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. மேதைகளைப் பொறுத்தவரையில் அது மெய்யே. ஆனால் அதே மட்டையைப் பிடித்த சாமானியர் எத்தனை பேர், அந்தச் சிறிய தலையின் நடுவில் பந்தைச் சந்திக்க இயலாமல் மனம் வெறுத்து ஆட்டத்தையே விட்டிருப்பார்கள்!

அந்தச் சாமானியருக்கு விமோசனம் தந்தவர் அமெரிக்கரான ஹோவர்டு ஹெட். பனிச்சறுக்குக் கட்டைகளை உலோகத்தால் செய்து புகழும் செல்வமும் ஈட்டிய இந்தப் பொறியாளர், அத்தொழிலை விட்டபின் முதிர்ந்த வயதில் டென்னிஸ் கற்கத் தொடங்கி, பந்து நடுவை விட்டு விலகிப் பட்டபோதெல்லாம் மட்டை கைக்குள் திருகிக்கொள்வதைக் கண்டார். தலையை அகலமாக்கினால், நடு அச்சிலிருந்து எடை விலகி நிற்பதால், திருகல் குறையும் என்பது அவர் கண்ட தீர்வு. 1976-ல் பிரின்ஸ் நிறுவனத்தின் பெயரில் 110 சதுர அங்குலத் தலையுடன் அந்த மட்டை வெளிவந்தது. ஹெட் தம்முடைய ஆட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை; தம்முடைய குறை எது என்று கேட்டுக்கொண்டார். பின்னால் வந்த கிராஃபைட் மட்டைகளின் பெருக்கத்தில், அவர் கேட்ட இந்தக் கேள்வி மறைந்து, அதனிடத்தில் "உங்கள் ஆட்டம் எப்படி?" என்ற கேள்வி வந்து அமர்ந்துகொண்டதே இவ்வழக்கத்தின் முதல் தோஷம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், ஆட ஆரம்பித்து ஓராண்டுகூட ஆகாத ஒருவருக்கு ஆட்டம் என்று ஒன்று இன்னும் உருவாகியிருப்பதில்லை. அவர் விவரிப்பதெல்லாம் தாம் ஆட விரும்பும் ஆட்டம். அதுவும் தொலைக்காட்சியில் நடாலையோ அல்கராஸையோ கண்டு மனத்தில் பதித்துக்கொண்டது. பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிப்பவருக்கென்று வகுத்த மட்டை, அப்படி அடிக்கும் வேகமான வீச்சு கைவந்தவருக்கே பயன்படும். அது கைவராதவரிடம் அதே மட்டை பந்தைப் பின்கோட்டுக்கு வெளியே அனுப்பும், அல்லது கையைக் குலுக்கும். அன்றியும், இந்நகரத்துக் கிளப்புகளில் காலை வேளையில் நடப்பது பெரும்பாலும் இரட்டையர் ஆட்டம். அங்கே முக்கியமானது சர்வீஸும், சர்வீஸைத் திருப்புவதும், வலையருகே மட்டையைச் சட்டென்று திருப்பிப் பிடிக்கும் சுறுசுறுப்புமே. குடகிலிருந்து வந்து 2024-ல் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் மாத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்ற ரோஹன் போபண்ணாவின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, நீண்ட பின்கோட்டுப் போராட்டங்களுக்கு இதில் இடம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். தலைப்பக்கம் இலேசாகவும் பிடிப்பக்கம் கனமாகவும் இருக்கும் மட்டையே இரட்டையருக்கு உகந்தது என்றிருக்க, தனியர் ஆட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வருணனைகளை நம்பி வாங்குவது பொருத்தமாகாது.

புகழ்பெற்ற வீரரின் பெயரைத் தாங்கிய மட்டையை வாங்கும் பழக்கத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. முன்னணி வீரர் பலர் தமக்குப் பழகிய பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டு, அதன்மேல் அவ்வாண்டு விற்பனைக்கு வந்த மட்டையின் வர்ணத்தைப் பூசி ஆடுவதுண்டு என்பது அத்துறையில் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்தது. அவர்கள் அப்படிப் பழைமையை விடாதிருப்பதற்குக் காரணம் உண்டு. ரோஜர் ஃபெடரர் பல்லாண்டுகள் 90 சதுர அங்குல மட்டையில் ஆடியவர். 2013 கோடையில் ஹாம்பர்க்கிலும் க்ஷ்டாடிலும் பெரிய தலையுள்ள மட்டையைப் பரீட்சித்துப் பார்த்துத் தோற்று, அவ்வாண்டு அமெரிக்க ஓப்பனுக்குப் பழைய மட்டையையே எடுத்துச் சென்று, 2014-ல்தான் 97 சதுர அங்குலத்துக்கு நிலையாக மாறினார். உலகத்தின் மிக நுண்ணிய கைக்கே ஒரு மாற்றத்தைத் தீர்மானிக்க இத்தனை மாதங்கள் தேவைப்பட்டிருக்க, நாம் கடையில் நின்று காற்றில் நாலு வீச்சு வீசிப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

பரீட்சை செய்யும் இந்த முறையே இவ்வழக்கத்தின் பெருங்குறை. கடையில் எந்த மட்டை மிக இலேசாக இருக்கிறதோ அது மிக இதமாகத் தோன்றும். கை புதிதாக இருக்கும் முதல் பத்து நிமிஷத்தில் விறைப்பான சட்டம் பந்தை விசையுடன் அனுப்புவது மனத்துக்கு உற்சாகமாகவும் இருக்கும். ஆனால் இலேசான மட்டை எதிரே வரும் பந்தின் வேகத்தைத் தன் எடையால் தாங்கிக்கொள்ள இயலாமல் அந்த அதிர்ச்சியைக் கைக்கு அனுப்பிவிடுகிறது. விறைப்பான சட்டம் வளைந்து கொடுக்காததால் அதிர்ச்சி மேலும் கடுமையாகிறது. இதன் விலை இரண்டாவது மணி நேரத்தில், கால் ஓய்ந்து பந்தைத் தாமதமாகச் சந்திக்கும்போதுதான் தெரியும். ஆகையால், களைத்த நிலையிலும் தடையின்றி வீசக்கூடிய மட்டைகளுள் அதிகக் கனமானது எதுவோ அதுவே நல்ல மட்டை. நடுத்தர உடலமைப்புள்ள ஓர் ஆடவருக்கு அது பெரும்பாலும் 285-லிருந்து 305 கிராமுக்குள் அடங்கும். சட்டத்தில் அச்சிட்டிருக்கும் எடை நரம்பு கட்டாத மட்டையின் எடை என்பதையும், நரம்பும் மேற்பிடித் துணியும் சேர்ந்தால் மேலும் இருபது கிராம் கூடும் என்பதையும் சொல்லாமல் விற்பது முறையல்ல. பிடியின் பருமனுக்கோ பழைய சோதனையே போதும்: மட்டையைப் பிடித்த கையின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் மேட்டுக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் ஒன்று நெருக்கமின்றி நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் பிடி மெல்லியது, அதை இறுக்கிப் பிடித்தே கை சோர்ந்துபோகும்.

இனி நரம்பு. மட்டையைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், பந்தைத் தொடும் ஒரே பொருளாகிய நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கடையை விட்டு வெளியேறுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது. இவ்வூர் விளையாட்டுச் சாமான் கடைகளின் பின்புறத்தில் நடக்கும் நரம்பு கட்டும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டத்தை ஆறு இடங்களில் பற்றிப் பிடிக்கும் இயந்திரத்தில் படுக்கவைத்து, நெடுக்கில் 16 நரம்புகளைப் பாவு போல் ஒவ்வொன்றாக இழுத்து, குறித்த பவுண்டு எடை வந்ததும் கிளிப்பால் கவ்வி நிறுத்தி, பிறகு குறுக்கில் 19 நரம்புகளை ஊடை செலுத்துவதுபோல் ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகக் கோத்து, வளைந்துபோன வரியை விரல் நுனியால் நேராக்கிக்கொண்டே போகும் அந்தக் கைகளின் திறமையில்தான் மட்டையின் குணத்தில் பெரும்பகுதி தீர்மானமாகிறது. அதே சட்டத்தில் 58 பவுண்டில் பாலியஸ்டரும் 50 பவுண்டில் மென்மையான பல்லிழை நரம்பும் கட்டிப் பார்த்தால், இரண்டும் ஒரே மட்டை என்று நம்புவதற்கே கடினமாக இருக்கும்.

பாலியஸ்டர் நரம்பின் கதை 1997 பிரெஞ்சு ஓப்பனோடு பிணைந்தது. அவ்வாண்டு பாரிஸில் மகேஷ் பூபதி ரிகா ஹிராகியுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்று, கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். தனியர் பட்டத்தையோ, உலக வரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசில் இளைஞர் குஸ்தாவோ குயெர்தன் வென்றார். அவர் மட்டையில் இருந்தது அந்தப் புதிய நரம்பு. பந்தை எவ்வளவு கடுமையாகச் சுழற்றி அடித்தாலும் அது கோட்டுக்குள் விழச் செய்யும் அதன் சக்தியை உலகம் அன்று முதல் அறிந்தது. வாரந்தோறும் நரம்பை அறுத்தெறிந்து புதிது கட்டிக்கொள்ளும் இருபது வயது வீரனுக்கு அது பேருதவி. நாற்பது வயதுக் கிளப் ஆட்டக்காரரின் மட்டையில் அது அறுவதே இல்லை. மீள்சக்தியை இழந்து செத்துப்போன பிறகும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அறாதது சிக்கனம் என்று அவர் மகிழ்கிறார். அவருடைய முழங்கை அதற்குக் கணக்குத் தீர்க்கிறது. டென்னிஸ் எல்போ என்னும் வலியின் பெயரை நம் நாட்டில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது 2004-ல் சச்சின் டெண்டுல்கர் பட்ட அவதி என்றாலும், முழங்கையின் வெளிப்புறத்துத் தசைநாணைப் பற்றும் அந்த நோய் முப்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் யாருக்கும் வரலாம். கணினி வேலை செய்வோருக்கும் வருகிறது. பின்கை அடியைத் தாமதமாக அடிக்கும் பிழையும் அதற்குக் காரணமாகையால், பழியனைத்தையும் மட்டையின்மேல் போடுவது சரியல்ல. ஆயினும் விறைத்த சட்டத்தில் இறுகக் கட்டிய பாலியஸ்டர், அந்தப் பிழையை மன்னிக்க மறுக்கிறது.

பெங்களூருவுக்கே உரிய விசேஷம் ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. உயரமான இடங்களுக்கென்று தனியாகச் செய்யும் பந்துகளைச் சர்வதேச விதிகள் 1,219 மீட்டருக்கு மேல்தான் குறிப்பிடுவதால், இங்கே ஆடுவது சாதாரணப் பந்தைக் கொண்டே. அது காற்றின் தடை குறைந்து நீளமாகவும் பறக்கிறது, வெளியழுத்தம் குறைந்து உயரமாகவும் எழும்புகிறது. சென்னையில் பின்கோட்டில் விழுந்த அடி இங்கே அதைத் தாண்டிவிடுவதைக் கண்ட ஆட்டக்காரர் உடனே நரம்பை இன்னும் இறுக்கச் சொல்கிறார். போட்டிகளுக்கு வரும் தொழில்முறை வீரர்கள் அப்படிச் செய்வது வழக்கந்தான். ஆனால் அவர்களோடு இயன்முறை மருத்துவரும் வருகிறார். நமக்கு உகந்த வழி வேறு. ஊரின் காற்றே கொஞ்சம் விசையைத் தந்துவிடுகிறபடியால், விசை மிகுந்த 105, 110 சதுர அங்குல மட்டைகள் இங்கே பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. 98 முதல் 100 சதுர அங்குலத்துக்குள், மிதமான வளைவுள்ள சட்டத்தைத் தெரிந்தெடுத்தால், நரம்பைத் தளர்வாகவே வைத்துக்கொள்ளலாம். தேசம் முழுவதற்கும் ஒன்றாக எழுதப்படும் விற்பனைக் குறிப்புகளில் இந்தப் பேதம் இடம்பெறுவதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்: வளர்ந்த பின்னும் உதவுமே என்று எட்டு வயதுப் பிள்ளையின் கையில் 27 அங்குல மட்டையைக் கொடுக்காதீர்கள், 23, 25, 26 அங்குலம் என்று படிப்படியாக மட்டைகள் கிடைக்கின்றன.

ஆட்டத்திற்கேற்ற மட்டை என்னும் சித்தாந்தம் ஆட்டம் உருவானவர்களுக்கு உரியது; மற்றவர்கள் கைக்கும் வயதுக்கும் ஊருக்கும் ஏற்ற மட்டையையே தேட வேண்டும். கிளப்புகளும் குடியிருப்புச் சங்கங்களும் நாலைந்து மட்டைகளைப் பொதுவில் வாங்கி வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் எடுத்துச் சென்று ஆடிப் பார்க்க உறுப்பினர்களுக்கு வசதி செய்து கொடுத்தால், அது பெரிய உபகாரமாகும். அதுவரை, புதிய மட்டை வாங்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வைத்திருக்கும் மட்டையின் பழைய நரம்பை அறுத்துவிட்டு, மென்மையான பல்லிழை நரம்பை முன்னையைவிட நாலு பவுண்டு குறைத்துக் கட்டச் சொல்லி, ஒரு மாதம் ஆடுங்கள். அதற்குப் பிறகும் மட்டைதான் குறை என்று தோன்றினால் கடைக்குப் போங்கள்.